செமில்லாவிலிருந்து ஏறிவந்த பாதை

சனி இரவு, பிம்ப்ரி

காலையில் லோணாவளா லோக்கலில் ஏறி மளவ்லியில் இறங்கி, கார்லா குகைக்குப் போய்வந்தோம். படிக்கட்டு முழுக்கக் கோளிக் குடும்பங்கள். கொங்கண் கரையிலிருந்து மலையேறி வந்த மீனவர்கள். குகை வாசலை ஒட்டியிருக்கும் ஏக்வீரா தேவிதான் அவர்களுக்குக் குலதெய்வம். அம்மனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனால் அந்தப் பெரிய சைத்தியம். பாறைக் கூரையின் கீழே பொருத்திய மர விட்டங்கள் ஈராயிரம் ஆண்டாகியும் இருக்கின்றன. தூண்களில் பிராமி எழுத்து. கொடுத்தவர்கள் பெயர்களோடு 'யவன' என்ற சொல்லும் வருகிறது. தேனுகாகடம் என்ற ஊர்க்காரர்கள் அவர்கள். யவனர் என்று சொல்லிக்கொண்டாலும் வைத்துக்கொண்ட பெயர்கள் இந்த மண்ணின் பெயர்கள். புகாரையும் முசிறியையும் படித்து வளர்ந்த நமக்கு யவனர் என்றால் துறைமுகம்தான். இங்கே மலையுச்சியில், புத்தர் கோயிலுக்குத் தூண் கொடுத்தவர்களாக அவர்களைப் பார்த்ததில் மனம் நிறைந்துபோயிற்று.

ஞாயிறு

நாள் முழுக்க 'பெரிப்ளூஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் கையேடு. கலியாணைத் தாண்டியதும் அது சொல்லும் துறை செமில்லா, அதாவது அலிபாகுக்குத் தெற்கே இருக்கும் சௌல். சோழக் கரையின் காமராவும் அதே நூலில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினம்தான் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. கப்பலில் வந்த சரக்கு போர்காட் வழியாகத் தக்காணத்துக்கு ஏறியது. கார்லா நிற்பது அந்தப் பாதையின் தலைமாட்டில். வணிகர் தங்கவும் கொடை தரவும் அங்கே குகைகள் எழுந்ததில் வியப்பில்லை.

அடுத்த வாரம், சௌல்

கண்டாலா இறங்கி, பேண், அலிபாக் வழியாக வந்து சேர்ந்தோம். தென்னை, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே அமைதியான கிராமம். பக்கத்தில் ரேவ்தண்டாவில் போர்த்துகீசியக் கோட்டைச் சுவர். 1508இல் இந்தக் கடலில்தான் போர்த்துகீசியத் தளபதி லொரென்சோ த அல்மெய்தா போரில் மாண்டார். அதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டில், ருஷ்ய வணிகர் அஃபனாசி நிகித்தின் இங்கே கரையிறங்கி, மலையேறி ஜுன்னர் போய் மழைக்காலத்தை அங்கே கழித்தார்.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் சுவரோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். போர்த்துகீசியர் இந்த ஊரின் வயதில் பிற்பாதி. புணே தக்காணக் கல்லூரி இங்கே அகழாய்வு செய்து சாதவாகனர் காலத்துத் துறைமுகத்தின் தடயங்களைக் கண்டெடுத்தது. அந்தச் செய்தி ஊருக்குள் ஒரு பலகையிலாவது இருக்க வேண்டும், மராத்தியிலும் எளிய படத்தோடும்.

பிம்ப்ரி, சிஞ்ச்வட், தேஹு ரோட்டில் வாழும் நம்மவர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பூம்புகாரைக் காட்டுங்கள். மற்ற ஞாயிறுகளில் லோக்கலில் கார்லாவுக்கும், முடிந்தால் சௌலுக்கும் கூட்டிப்போங்கள். நம் கரைக்கு வந்த அதே யவனரைத்தான் அவர்கள் அங்கே பார்ப்பார்கள்.