மரத்துக்கு வெளியே ஒரு விரல்

பாரிஸ் மாநகரிலே, செயின் நதியின் தென்கரையில், ஆஸ்டர்லிட்ஸ் புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில், தாவரப் பூங்கா என்றொரு பழந்தோட்டம் உண்டு. சென்ற கோடையில் நாம் அங்கு சென்றது மலர்களைக் காண்பதற்கன்று. ஒரு திரைப்படத்தின் பொருட்டே சென்றோம்.

கிறிஸ் மார்க்கர் என்பார் 1962 இல் ஆக்கிய 'லா ஜெத்தே' என்னும் அப்படம் 28 நிமிடங்களே ஓடுவது. நம் வாசகருள் அதனைக் கண்டோர் மிகச் சிலராகவே இருப்பர். படம் முழுதும் அசையா நிழற்படங்கள். பின்னணியிலே கதை சொல்லும் ஒரு குரல். துயிலும் பெண்ணொருத்தி கண்விழிக்கும் ஓரிடத்தில் மாத்திரம் உருவம் அசைகின்றது. அக்கணத்தில் எமக்கு மெய் சிலிர்த்தது.

ஓர்லி விமான நிலையத்துக்குப் பெற்றோருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானம் பார்க்கச் சென்ற சிறுவன், அங்கே ஒரு பெண்ணின் முகத்தையும், ஒரு மனிதன் வீழ்ந்து இறப்பதையும் காண்கின்றான். பின்னர் மூண்ட போரில் பாரிஸ் அழிகின்றது. எஞ்சியோர் நிலத்தடியில் வாழ்கின்றனர். அம்முகத்தை மறவாத காரணத்தாலேயே, சிறைப்படுத்தியோர் அவனைக் கடந்த காலத்துக்கு அனுப்புகின்றனர். அவளைக் கண்டு, இப்பூங்காவிலே அவளோடு உலவுகின்றான். ஈற்றிலே விமான நிலையத்துக்கு ஓடுகையில், சிறுவயதில் தான் கண்டது தன் மரணத்தையே என்பதை உணர்கின்றான்.

அவர்கள் உலவிய விலங்கியற் கூடம் 1889 இல் திறக்கப்பட்டது. 1965 இல் மூடப்பட்டு, புதுக்கப்பெற்று, 1994 இல் மீண்டும் திறந்தது. பாடம் செய்யப்பட்ட யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அணிவகுத்து நிற்கும் அழகு தனிக் கட்டுரைக்கு உரியது.

நாம் தேடியதோ ஒரு மரத்துண்டு. 1927 இல் அமெரிக்கப் போர்வீரர் அன்பளித்த செக்கோயா மரத்தின் குறுக்குவெட்டு அது. ஆண்டு வளையங்கள் நூற்றாண்டுகளை எண்ணிக் காட்டுவன. படத்திலே அம்மனிதன் பட்டைக்கு அப்பால், வெறுவெளியைச் சுட்டி, தான் அங்கிருந்து வருவதாகக் கூறுவான்.

எம்மை அழைத்துச் சென்ற நண்பர் 1986 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியவர். படத்தை அவர் பார்த்ததில்லை. கதையை வழியிற் கூறியிருந்தோம். நெடுநேரம் வளையங்களை நோக்கி நின்றவர், மரம் வெட்டப்பட்டது எப்போது என வினவினார். கூறினோம்.

"அப்ப எங்கட வீடு, கிணறு, நான் படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் வெளியிலைதான், அண்ணை," என்று, பட்டைக்கு ஒரு சாண் தள்ளி விரலை நீட்டினார். நீட்டிய விரலை உடனே மடக்கவில்லை. சிறுமியொருத்தி அவ்விரலின் திசையை வியப்போடு பார்த்துச் சென்றாள்.

பின்பு, "வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.