சுவரில் ஏறும் கறுப்பு



லண்டனில் குளிர் தொடங்கிவிட்டது. ஈஸ்ட்ஹாம் பக்கம் தமிழர் வீடுகளுக்குப் போனால் பேச்சு ஒரு கட்டத்தில் சுவருக்கு வந்துவிடுகிறது. படுக்கையறை மூலையில் கறுப்புப் புள்ளிகள், அலமாரிக்குப் பின்னால் பச்சைப் படலம், பட்டுப்புடவையில் பூசண வாடை. நம் ஊரில் மழைக்கு ஓதம் காத்த சுவரை அடுத்து வரும் வெயில் காயவைத்துவிடும். இங்கே அந்த வெயிலுக்கு வசந்தம்வரை காத்திருக்க வேண்டும்.

குளிருக்கு அஞ்சிச் சன்னலைத் திறக்க மாட்டோம். குக்கர் ஆவி, குளியலறை ஆவி, ரேடியேட்டர் மேல் காயும் துணியின் ஈரம், உறங்குபவர்களின் மூச்சு எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றி, இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும். அது பெரும்பாலும் வெளிச்சுவரின் மூலையாக இருக்கும். பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. ஈரம் கிடைத்தால் ஓரிரு நாளில் முளைக்கத் தொடங்கிவிடும்.

இதை அழுக்குப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ரோச்டேல் நகரத்துக் குழந்தை அவாப் இஷாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூடானிலிருந்து வந்த பெற்றோர். ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகை வீடு. 2017லேயே தந்தை பூஞ்சையைப் பற்றிப் புகார் சொன்னார். வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுவசதி நிறுவனம் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், குழந்தை இறந்துபோனான். வீட்டில் நெடுநாள் சுவாசித்த பூஞ்சையே மூச்சுக்கோளாறுக்கும் மரணத்துக்கும் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறை பற்றித் தாங்களாகவே அனுமானித்துக்கொண்டது தவறு என்று அந்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. இட்லி அவித்து, சோறு வடித்து, வாளியில் மொண்டு குளிக்கும் நம்மைப் பார்த்தும் ‘வாழ்க்கை முறை’ என்ற இதே வார்த்தையைச் சொல்கிறார்கள். நம்மில் பலர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

பூஞ்சையைத் துடைக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு உட்பட்ட இடமென்றால் நாமே செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் வயதானவர்களும் அந்த அறையில் இருக்கவே கூடாது. சன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்தி, கையுறை, கண்ணாடி, என்95 போன்ற நெருக்கமான மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டுச் சுவரை நன்றாகக் காயவிடுங்கள். டைல்ஸ், கண்ணாடி போன்ற நீர் உறிஞ்சாத பரப்புக்கு நீர்த்த ப்ளீச் போதும். பூஞ்சை உள்ளே ஊறிய கார்ப்பெட், மெத்தை, ஜிப்சம் பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கறை போகவில்லையே என்று ப்ளீச்சோடு வேறெதையும் கலக்காதீர்கள். வினிகரோ கழிப்பறை ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடி க்ளீனர் சேர்ந்தால் குளோரமின் வாயு. காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் இவை நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் அடுத்தடுத்து ஊற்றித் தரை கழுவும் நம் ஊர் வீடுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

துடைத்த இடத்தில் பூஞ்சை மறுபடி வந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு பெரிதாகும் திட்டு கூரை அல்லது மழைநீர்க் குழாய்க் கசிவு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை கோடு கட்டி நிற்பது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். இவை இரண்டும் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டியவை. ஆவி படிவதுதான் காரணமென்றால் பாத்திரத்தை மூடிச் சமைப்பது, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது, அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது எல்லாம் உதவும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; அதை அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் ஓடாத ஃபேனும் சூடேறாத ரேடியேட்டரும் உள்ள வீட்டில் குடியிருப்பவர் மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

குழந்தை அவாப்பின் பெயரிலான சட்டம் இங்கிலாந்தில் நகராட்சியோ வீட்டுவசதி நிறுவனமோ வாடகைக்கு விடும் சமூக வீடுகளில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆபத்தான ஓதமும் பூஞ்சையும் பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். உயிருக்கே உலை வைக்கும் அவசரமென்றால் கெடு 24 மணி நேரம். நம் மாணவர்கள் அதிகம் தங்கும் தனியார் வாடகை வீடுகளுக்கு இந்தக் கெடு இன்னும் வரவில்லை. அங்கே நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடம் முறையிடலாம். புகாரைத் தேதியோடும் படத்தோடும் எழுத்தில் அனுப்ப வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது.

பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர்களே, அவர்கள் வாடகைக்கும் வீட்டுக்காரருக்கும் பயந்து இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அடுத்தமுறை வீடியோ காலில் பேசும்போது அறையின் மூலைகளையும் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரையும் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு தெரிந்தால் அன்றைக்கே புகார் எழுத வையுங்கள்.