தூரிகை சோறு போடுமா?

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் காட்டுவதற்கென்று சென்னைவாசிகளான நம்மில் ஒவ்வொருவரிடமும் ஒரு ஜாபிதா இருக்கிறது. கடற்கரை, கபாலீசுவரர் கோயில், தியாகராய நகர் ஜவுளிக் கடைகள். பொழுது மிஞ்சினால் எழும்பூர்க் காட்சிசாலை. கடற்கரைக்குப் போகிறவர்கள் உழைப்பாளர் சிலையின் அடியில் நின்று ஒரு படம் எடுத்துக் கொள்ளாமல் திரும்புவதில்லை. பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு மனிதர்களின் நரம்பும் தசையும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதைச் செய்தது யார் என்று நமது பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு நாள் கேட்டுப் பார்த்தோம். பதினோரு பட்டதாரிகள் இருந்த அறையில் பதில் சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் சித்திர ஆசிரியர்.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. 1959-ம் வருஷத்தில் அந்தச் சிலை கடற்கரைக்கு வந்தது. அதே கடற்கரையில் கோலூன்றி நடக்கும் காந்தி மகானின் சிலையும் அவர் கைவேலைதான். வங்காளத்திலிருந்து வந்து, சென்னைச் சித்திரக் கலாசாலையின் முதல் இந்தியத் தலைவராக 1929-ல் அமர்ந்தவர் அவர். அந்தக் கலாசாலையின் காவல்காரர் ஒருவரே உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றார் என்று சொல்வார்கள். இரவெல்லாம் வாசலைக் காத்தவர் இப்போது பகலும் இரவும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்!

இந்த விஷயங்களையெல்லாம் தேடித் துருவ நமக்கு நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். நாம் சரித்திர பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். பன்னிரண்டாம் வகுப்பில் நம்மிடம் ஒரு பையன் படிக்கிறான். பிளாசி யுத்தத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், அரைப் பக்கம் எழுதிவிட்டு, மீதி ஒன்றரைப் பக்கத்தில் யுத்தத்தையே வரைந்து கொடுத்தான். யானைகளின் கால்கள் பிசகின்றி இருந்தன, வருஷம்தான் தப்பு. நம்முடைய உத்தியோகத்தில் இப்படிப்பட்ட விடைத்தாள் பத்து வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். அவன் தகப்பனாரை வரவழைத்து, பையனைச் சித்திரக் கலாசாலையில் சேர்க்கலாமே என்று பேச்சை எடுத்தோம்.

அந்த மனிதர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு அல்ல.

"சார், நாற்பது அடி உயரத்துக்கு முகம் எழுதின கை இது. இன்றைக்கு ஒரே கலரை உருளையாலே சுவரில் தேய்க்கிறது. பிள்ளையையும் இதே கிணற்றில் தள்ளச் சொல்கிறீர்களா?"

அப்போதுதான் தெரிந்தது, அவர் ஒரு காலத்தில் சினிமா பேனர் எழுதும் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர் என்று. அந்தத் தொழிலைப் பற்றி இக்காலத்துக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மவுண்ட் ரோட்டில் வானத்தை மறைத்துக்கொண்டு நின்ற கட்அவுட்டுகளும் பேனர்களும் கையால் எழுதப்பட்டவை. ஒரு சிறு புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோட்டை ஏற்றுவார்கள். முகம் எழுதுவது தலைமை ஆர்ட்டிஸ்ட். உடுப்பும் பின்புலமும் சிஷ்யர்கள். எழுத்துக்கென்று தனி ஆள். கிட்டத்தில் நின்று பார்த்தால் நீலமும் சிவப்புமாக அப்பியிருப்பது, எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தால் கண்ணீர் ததும்பும் கண்ணாக மாறும். இந்த வித்தையை எந்தக் கலாசாலையும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பிறகு பிளெக்ஸ் வந்தது. பத்து நாள் வேலையை ஒரு யந்திரம் சில மணி நேரத்தில் துப்பிவிட்டது. தூரிகை பிடித்தவர்கள் ஆட்டோ ஓட்டப் போனார்கள், வெள்ளையடிக்கப் போனார்கள்.

இப்படிப்பட்டவரிடம் கலையின் பெருமையைப் பேசிப் பிரயோசனமில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். இரண்டு மூன்று விடுமுறை நாட்களைத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். பையன் வாயைத் திறக்கவே இல்லை.

முதலில் பெரியமேட்டுக்குப் போனோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே நாலு அடி வைத்தால் செங்கல் கட்டடங்களும் பெரிய மரங்களுமாக வேறோர் உலகம். இதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கில வைத்தியர் 1850-ல் சொந்த முயற்சியாக ஆரம்பித்தது; 1852-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் இதற்குக் கைத்தொழிற் கலாசாலை என்றுதான் பெயர். இந்தியனுக்குக் கை உண்டு, அதைப் பழக்கினால் போதும், கற்பனை என்பது சீமையிலிருந்து வரவேண்டிய சரக்கு என்று நினைத்த காலம் அது. அப்படி நினைக்காத ஆங்கிலேயரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1884-ல் இங்கே தலைவராக வந்த ஹாவெல், நம் நாட்டுச் சிற்பத்தையும் கைத்தறியையும் பற்றி நம்மவர்களே வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நாளில் அவற்றுக்காக வாதாடியவர்.

நேயர்களின் சமையலறையில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவார்களோ என்னவோ! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் இந்தக் கலாசாலையில்தான் அலுமினியத்தை நம் கன்னான்களின் சுத்தியலுக்குப் பழக்கி, பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். சித்திரப் பள்ளி என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

ஓவியம், சிற்பம், மண்பாண்டம், அச்சுச் சித்திரம், நெசவு என்று ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். தகப்பனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டரைப் போல் நடந்தார். காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்ற பிரிவின் வாசலில் நின்றுவிட்டார். எழுத்து, சின்னம், விளம்பரம் முதலியவற்றை அமைக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் இது என்று விளக்கினோம்.

"எழுத்துக்கு நாலு வருஷப் படிப்பா சார்?"

நமது சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, அதிலுள்ள ரூபாய்க் குறியைக் காட்டினோம். 2010-ல் இந்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை அமைத்தவர் உதயகுமார் என்னும் தமிழர். சென்னையில் கட்டடக் கலையும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பும் படித்தவர். பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

"ஒரே எழுத்துக்கா?"

ஒரே எழுத்துக்குத்தான் என்றோம். அவர் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கள் சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கினவர்கள்" என்று சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நம் ராஜ்யத்தின் கோபுரச் சின்னத்தை 1949-ல் அமைத்த ஆர். கிருஷ்ணராவ் இதே கலாசாலையைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லி வைத்தோம். நல்ல வாதத்தை இரண்டாம் தடவை சொல்லக் கூடாது என்பது வாத்தியார்களுக்குத் தெரிவதில்லை. அந்தச் செய்தி அவரிடம் செல்லவில்லை.

அடுத்த வாரம் நகரத்தின் சித்திரக் கூடங்கள் சிலவற்றுக்குப் போனோம். கிரீம்ஸ் ரோட்டிலுள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் சித்திரக்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்யவே இடம் இருக்கிறது. அச்சு யந்திரமும் சூளையும் சொந்தமாக வாங்க முடியாத இளைஞர்களுக்கு இது பெரிய உபகாரம். தனியார் கூடம் ஒன்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிர்பதனம் செய்த வெள்ளை அறை. வாசலில் நின்ற காவலர் தகப்பனாரின் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்து வழிவிட்டார். உள்ளே ஐந்து நிமிஷம்கூட நாங்கள் நிற்கவில்லை. கலையைப் பொதுமக்கள் ரசிப்பதில்லை என்று அடிக்கடி குறைப்பட்டுக் கொள்கிறார்கள். வாசலில் நிற்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அந்தக் குறையில் பாதி தீரும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குப் போனோம். வழியில் திருவான்மியூர் வந்தபோது, ருக்மிணி தேவி 1936-ல் தோற்றுவித்த கலாக்ஷேத்திரத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனோம். அங்கே பரதத்தோடு கூடவே தறியும் உண்டு, பழைய புடவைக் கரைகளும் வர்ணங்களும் அங்கே மறுபிறவி எடுத்தன என்றதற்குத் தகப்பனார் தலையை மட்டும் ஆட்டினார்.

ஈஞ்சம்பாக்கத்தில் இருப்பது சோழமண்டலம் ஓவியர் கிராமம். இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ராய் சௌதுரிக்குப் பின் 1957-ல் கலாசாலையின் தலைமைக்கு வந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். இளம் பிராயத்தில் குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல் சித்திரம் படிக்க வந்தவர். ஆகவே பசி என்றால் என்ன என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. தம்மிடம் படித்துத் தேறிய கெட்டிக்காரப் பிள்ளைகள், வெளியே போன இரண்டாம் வருஷமே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஏதாவது ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்வதை அவர் கண்டார். படம் வாங்குகிறவர்கள் சென்னையில் அந்நாளில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அவர் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதி, பதில் வரும் என்று காத்திருக்கவில்லை. சித்திரக்காரர்களையே கைத்தொழில் செய்யச் சொன்னார். அவர்கள் சங்கமாகக் கூடி, முக்கியமாகப் பாத்திக் துணிகளைச் செய்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் கோலம் எழுதி, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கினால், மெழுகு பட்ட இடம் சாயம் ஏறாமல் நிற்கும். மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் சாயம் நூலிழைபோல் ஓடியிருக்கும். இந்தத் துணிகள் விற்ற பணத்தைக் கொண்டு 1966-ல் கடற்கரை ஓரமாகச் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள். அப்போது அது மணல் வெளி. பகலில் ஒரு பகுதி வயிற்றுக்காகக் கைத்தொழில். மீதிப் பொழுது மனத்துக்காகச் சித்திரமும் சிற்பமும். இப்படி ஜீவித்தவர்களைத்தான் பிற்காலத்தில் சென்னை இயக்கம் என்று பெரிய பெயர் சொல்லி அழைத்தார்கள். பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் நிலைத்து நிற்கிறது. 2009-ல் திறந்த புதிய கட்டடத்தில் அந்தத் தலைமுறையின் படைப்புகளைக் காணலாம்.

உலோகத் தகட்டை ஒட்டி, கம்பியை வளைத்துச் செய்த முன்புறச் சிற்பங்கள். எழுத்தா, ஜாதகக் கட்டமா என்று தெரியாத குறிகள் நிறைந்த பணிக்கரின் படங்கள் — நமக்கு இவற்றில் சில விளங்கின, சில விளங்கவில்லை. பையன் மட்டும் ஒவ்வொன்றின் முன்னும் நின்றுகொண்டே இருந்தான். தகப்பனார் படங்களைவிட்டு, நாம் சொன்ன கதையிலேயே நின்றார்.

"வாத்தியாரே பிள்ளைகளுக்குப் பிழைப்புக்கு வழி பண்ணினாரா சார்?"

ஆம் என்றோம்.

"எங்கள் மேஸ்திரிகளில் அப்படி ஒருவர் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை கண்ணகி நகருக்கும் போனோம். பட்டணத்துக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டு வைத்த குடியிருப்பு அது. 2020-ல் உள்நாட்டு, வெளிநாட்டுச் சித்திரக்காரர்கள் வந்து, அங்குள்ள மாடிக் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் அடிமுதல் முடிவரை படம் எழுதிவிட்டுப் போனார்கள். வர்ணம் வந்த பிறகு மற்றவர்களுக்கு அந்தப் பேட்டைக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. அங்கிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூரம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் தகப்பனாரின் நடையே அங்கே மாறிவிட்டது. அண்ணாந்து பார்த்தார், பின்னுக்கு நடந்து, எதிர்ச் சாரியில் நின்று பார்த்தார், சுவரண்டை போய்க் கையால் தடவினார்.

"கண் சரியாக விழுந்திருக்கிறது. மூக்குக்குக் கீழே நிழல் போதாது. எதிர் வெயிலில் தட்டையாகத் தெரியும்" என்றார். பிறகு பையனை அருகில் அழைத்து, சுவரில் விரலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, எந்தக் கட்டத்தில் இமை முடிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த நாலைந்து குழந்தைகளும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். இருட்டும் வரையில் பாடம் நடந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது பையன் ஜன்னலோரம் தூங்கிப் போனான். தகப்பனார் வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அடையாறு தாண்டியதும் நம் பக்கம் திரும்பி, பெரியமேட்டில் சேர்ந்தால் நாலு வருஷமும் பையனுக்குப் பஸ் பாஸ் கிடைக்குமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னோம்.