ஔவைக்கு அப்போது 44 வயது

34 வயதில் ஒரு கவியரங்க மேடையில் என்னை "நம் காலத்து ஔவை" என்று அறிமுகப்படுத்தினார்கள். சொன்னவர் மூத்த கவிஞர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்று நான் வாசிக்க எடுத்துப் போயிருந்தது ஒரு காமக் கவிதை. அதைப் பையிலேயே வைத்துவிட்டு, மழையைப் பற்றிய வேறொன்றை வாசித்து இறங்கினேன். பேருந்தில் திரும்பும்போது எரிச்சலாக இருந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல். ஔவை என்றதும் அந்த அரங்கில் எல்லோர் மனத்திலும் எந்த முகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். கே.பி. சுந்தராம்பாள்.

நான் அந்தப் பக்கத்துக்காரி. கரூரிலிருந்து ஈரோட்டுக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்ப் படித்தவள். நடுவில் கொடுமுடி வரும். இந்த ரயிலில்தான் சிறுமி சுந்தராம்பாள் பாடிக் காசு வாங்கினாள், யாரோ கேட்டு நாடகக் கம்பெனிக்கு அழைத்துப் போனார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். 1908இல் பிறந்த பெண். வறுமை. நல்லதங்காளின் பிள்ளைகளில் ஒருவராகப் பசியில் பாடும் வேடத்தில் மேடையேறினார். அந்தப் பசிக்குப் பெரிய ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

பிறகு ஸ்பெஷல் நாடகம், ஸ்திரீபார்ட், இலங்கைப் பயணம். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் தொண்டையாலேயே எட்டவேண்டும். அவர் வேலன், இவர் வள்ளி. பாட்டில் ஒருவரை ஒருவர் விரட்டுவதைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது. 1927இல் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. (அந்த முதல் மனைவியைப் பற்றி இந்தக் காதல் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு வரியோடு நகர்ந்துவிடுவார்கள். நானும் இங்கே அதையேதான் செய்கிறேன்.) சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கு வந்தது, பிரிந்திருந்தார்கள். அந்த நாள்களில் அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சில் வந்தன. அவற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும்: எழுதியிருப்பது பதிவிரதைச் சிலை இல்லை, கெஞ்சவும் கோபிக்கவும் தெரிந்த ஓர் இளம்பெண். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று கட்டிய வெள்ளைப் புடவையை 1980இல் சாகும்வரை அவர் மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

அதன்பிறகு அவர் ஏற்ற வேடங்களை ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். 1935இல் 'நந்தனார்'. ஆண் வேடம். 1940இல் 'மணிமேகலை'. துறவி. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. கிழவி. 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், மறுபடியும் துறவி. 1965இல் 'திருவிளையாட'லில் மறுபடியும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்', பேயுருக் கேட்டு வாங்கியவர். எழுதி முடித்துத் திரும்பியபோது வகுப்பில் சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ அவங்க பொண்ணா நடிக்கவே இல்லியா மேம்?"

'ஔவையா'ரில் இளம்பெண் ஔவையாக வருபவர் குசலகுமாரி. கல்யாணம் வேண்டாம், இந்த இளமையை எடுத்துக்கொள் என்று பிள்ளையாரிடம் அழுவாள். இளமை போகும், சுந்தராம்பாள் வருவார். இருபது வருடம் கழித்துக் 'காரைக்கால் அம்மையா'ரிலும் இதே ஏற்பாடுதான். இளமைக்கு லட்சுமி, அது உதிர்ந்த பிறகு சுந்தராம்பாள். இரண்டு கதையிலும் அழகான பெண் ஒருத்தி தன் உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்தான் வாயைத் திறந்து ஊருக்குச் சொல்ல முடிகிறது. அப்படித் திருப்பிக் கொடுத்தவளின் வேடத்துக்குத் தமிழ் சினிமாவுக்கு ஆள் தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை. முதல் ஔவை வந்தபோது அவருக்கு வயது 44. அதே வயதில் கதாநாயகர்கள் கல்லூரி மாணவராக வருவார்கள்.

சங்க இலக்கியம் நடத்துகிறவளுக்கு இதில் தனியாக ஒரு கோபம் உண்டு. 59 பாடல்கள் விட்டுப்போன சங்க ஔவை கிழவி இல்லை. புறநானூற்றில் பகை அரசன் அவளை விறலி என்றுதான் விளிக்கிறான், அவள் உடலழகையும் சேர்த்துச் சொல்லி. அதியமானோடு கள் குடித்தவள், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள், காமம் மீறி ஊரை முட்டித் தள்ளலாமா என்று குறுந்தொகையில் கேட்டவள். பின்னால் வந்த நீதிநூல் ஔவையையும் இவளையும் கதைகள் ஒன்றாகக் குழைத்தன. சினிமா அதற்கு ஒரு முகம் கொடுத்துவிட்டது. இன்குலாப் 'ஔவை' நாடகத்தில் இளம் விறலியை மீட்டுக் கொண்டுவந்தார். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாக வருகிற மாணவிகளிடம் ஔவை எப்படி இருப்பாள் என்று கேட்டால் கோலோடுதான் வருகிறாள்.

ஆனால் சுந்தராம்பாளை இரக்கத்துக்கு உரியவராகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வந்ததில்லை. 'நந்தனா'ருக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். 1935இல். நடிக்க விருப்பமில்லாமல், ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே அந்தத் தொகையைச் சொன்னதாகவும், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொல்வார்கள். காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினால் கூட்டம் தானாக வந்தது. சட்ட மேலவை உறுப்பினரானார். சொந்த ஊரில் திரையரங்கு கட்டினார். 'துணைவன்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கினார். கணவனை இழந்தவள் எதிரே வந்தால் சகுனத் தடை என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர்கள், அவரைக் கோயில் விழாவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்தன.

ஆகவே நான் வகுப்பில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். "அந்த வெள்ளைப் புடவை அவர் தரித்துக்கொண்ட கவசம்." ஆண்கள் நிறைந்த அந்தத் தொழிலில், 25 வயதுக்காரி எவன் கையும் படாமல் புழங்குவதற்கு அவரே தேர்ந்தெடுத்த வழி என்று விளக்குவேன். மாணவிகள் குறித்துக்கொள்வார்கள். எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

போன வருடம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு 29 வயதில் அப்பா போனார். எனக்கு எட்டு. சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு விதவைகளுக்கு முன்னுரிமை இருந்ததால் வேலை கிடைத்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம், தினமும் டவுன் பஸ். அம்மா வெள்ளைச் சீலை கட்டியதை நான் ஊர் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். கவசம் என்று நான் சொன்னதும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பஸ்ஸுல எவனும் ஒரசமாட்டான்னுதான் கண்ணு நானும் வெள்ளையக் கட்டுனேன். அப்பவும் ஒரசத்தான் செஞ்சானுக."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவே தொடர்ந்தாள். "ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நா பச்சைச் சீலை கட்டிட்டுப் போனேன். யாருக்குன்னு கேட்டாங்க. கேட்டது பொம்பளைங்கதான். மறுநா பழையபடி கட்டிட்டேன்."

அந்தப் பச்சைச் சீலை எனக்கு நினைவில் இல்லை. ஒரே ஒரு நாள் என்றால் எப்படி இருக்கும்? ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க இன்னொன்று அகப்படவில்லை. சுந்தராம்பாள் அந்தப் புடவைக்குள் பாதுகாப்பாக இருந்தாரா, ஒரு நாளாவது அது கனத்ததா, கண்ணாடி முன்னால் வேறொரு நிறத்தைத் தோளில் போட்டுப் பார்த்தாரா என்று என் மாணவிகளுக்கு நான் எப்படிச் சொல்வது?

ஊரில் இருந்த கடைசி நாள் இரவு, ஏதோ ஒரு சேனலில் 'ஔவையார்' ஓடியது. குசலகுமாரி பிள்ளையார் முன்னால் அழுதுகொண்டிருந்தார். மூப்பு வந்து சேர்ந்தது. தலை நரைத்தது, முதுகு வளைந்தது. பாட்டு ஆரம்பித்தது. ஐந்து கட்டைச் சுருதியில், ஒரு நடுக்கமும் இல்லாமல், மூச்சு உடையாமல் மேலே ஏறிக்கொண்டே போகிற அந்தக் குரல். அம்மா படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இது கெழவி கொரலா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினாள்.