தாம்பரத்துக் கத்திரி

ரிடையரான கையோடு தாம்பரத்தில் வீடு வாங்க உத்தேசமா, அம்மணி? “1928-லேயே காசநோயாளிகளுக்கு சானடோரியம் அமைத்த ஊராச்சே, காற்றுக்கென்ன குறை?” என்பார் உங்கள் வீட்டுக்காரர். வாஸ்தவம்தான். ஆனால் வீட்டை மார்கழியில் பார்த்து மயங்காதீர்கள். கத்திரியில் ஒரு மத்தியானம் போய் நின்று பாருங்கள். 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரி! பெசன்ட் நகருக்கு முதலில் வரும் கடற்காற்று, உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்தை எட்டச் சற்று நேரமாகும். சில நாள் எட்டுவதேயில்லை.

மேற்குப் பார்த்த படுக்கையறை வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த சுவர் இராத்திரியில் அனலைக் கக்கும். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாடிக் கட்டடம் மறைக்கிறதா என்று பாருங்கள்.

வயதானால் தாகம் சட்டென்று தெரியாது. அவர் கேட்கட்டும் என்று இராமல் நீர்மோரை நீட்டுங்கள். இரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பு மட்டாக. பதினொரு மணிக்கு மேல் குடையும் பையுமாகக் கிளம்பினாரானால், குடையை ஒளித்துவிடுங்கள்!