ஜமீன்தாருக்குச் சர்க்கரை!

"சர்க்கரை இருக்கிறதா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டால், முன்பெல்லாம் அவள் கையிலிருக்கும் கிண்ணத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தனுப்புவோம். இப்போது அதே கேள்விக்கு, "இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் 160!" என்று பதில் சொல்கிறோம். எங்கள் குடும்பத்தில் என் தாயாருக்கு அந்தச் சர்க்கரை உண்டு. அவள் வளர்த்த பூனைக்கும் உண்டு. சிரிக்காதீர்கள், சகோதரிகளே! முதலில் நானும் சிரித்தவள்தான். ஓர் இரவில் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பூனையின் பெயர் ஜமீன்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நனைந்து நடுங்கிக் கொண்டிருந்த குட்டி. அம்மா அதை முந்தானையில் சுற்றி உள்ளே கொண்டு வந்தாள். அன்றிலிருந்து இரண்டு வேளையும் தயிர் சாதம், நடுவில் பால், சாயங்காலம் பாலில் நனைத்த பிஸ்கோத்து! எலி ஓடினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொள்வார். எடை 7 கிலோவை எட்டியபோது ஜமீன்தார் என்ற பட்டம் தானாகவே வந்து சேர்ந்தது.

சென்ற வருஷம் திடீரென்று அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. வாளித் தண்ணீரில் தலையை விட்டால் எடுப்பதில்லை. சாப்பாடு குறையவில்லை, உடம்பு மட்டும் இளைத்தது. வியாதியைக் கண்டுபிடித்தவள் அம்மாதான்.

"ஏண்டி, இவன் மணல் தட்டைப் பார்த்தாயா? எறும்பு மொய்க்கிறது. உங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் எறும்பு காட்டிக் கொடுத்தது" என்றாள்.

ஸுச்ருதர் காலத்து வைத்தியர்கள் இந்த வியாதிக்கு "மதுமேகம்" என்றல்லவா பெயர் வைத்தார்கள்? மது என்றால் தேன். எறும்பு பொய் சொல்லாது.

ஜமீன்தாரை ஒரு கூடையில் வைத்து, நான் குடியிருக்கும் விழுப்புரத்துக்குக் கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் கால்நடை வைத்தியம் என்றால் பசுவும் ஆடும்தான். ஆனால் நல்ல வேளையாக, 1903-ல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த ஓர் இளம் டாக்டரம்மா அகப்பட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். 340!

"இதை மட்டும் நம்ப முடியாது" என்றார் டாக்டரம்மா. "பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். வெளியே அந்த அல்சேஷன் குரைக்கிற குரைப்புக்கு எந்தப் பூனைக்கும் ஏறத்தான் செய்யும்." சிறுநீரையும் சோதித்தார், முந்திய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் 'ஃப்ரக்டோசமின்' என்னும் பரிசோதனைக்கும் அனுப்பினார். சந்தேகம் தீர்ந்தது. ஜமீன்தாருக்குச் சர்க்கரை வியாதியேதான்.

பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. அதன் உடம்பு அரிசியையும் பிஸ்கோத்தையும் எதிர்பார்த்துப் படைக்கப்பட்டதல்ல. ஓடியாடாமல் பருத்துப் போன, வயதான ஆண் பூனைகளுக்கு இந்த வியாதி வருவது சகஜமாம். சைவமான அம்மாவின் சமையலறைக்கு வெளியே, திண்ணையில், மீன் டின் ஒன்று திறக்கப்பட்டது. அம்மா மூக்கைப் பொத்திக் கொண்டு, "வாயில்லா ஜீவனுக்காகப் பொறுத்துக் கொள்கிறேன்" என்றாள்.

சாப்பாட்டோடு, காலையும் மாலையும் 2 யூனிட் இன்சுலின். இந்த மருந்தை 1921-ல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கண்டறிந்தபோது முதலில் பிழைத்தவை அவர்களுடைய சோதனை நாய்கள்தான். 1922 ஜனவரியில்தான் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போட்டார்கள். நாய் தந்த மருந்தைப் பூனைக்குக் கொடுப்பதில் அதிசயம் என்ன?

ஊசி போடுவதை ஒரே நாளில் கற்றுக் கொண்டேன். பிடரித் தோலைக் கூடாரம் போல் தூக்கி, மயிரிழை போன்ற ஊசியைச் செருகினால் ஜமீன்தார் திரும்பிக் கூடப் பார்ப்பதில்லை. ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: "வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கக் கற்றுக் கொள்ளுங்கள். பயமில்லாத இடத்தில் எடுக்கும் கணக்குத்தான் சரியான கணக்கு."

அதுதான் வரவில்லை. காதின் ஓரத்தில் குத்த வேண்டுமாம். குத்தினேன், என் விரலில்! அடுத்த தடவை ரத்தம் வந்தது, பூனை போய் விட்டது. அதற்கடுத்த தடவை பூனை இருந்தது, ரத்தம் வரவில்லை. என் கணவர் பூனையைப் பிடிக்க வந்து, முழங்கையில் நான்கு கோடுகளுடன் ராஜினாமா செய்தார். ஒரு வாரத்தில் கருவியை மேஜை டிராயரில் போட்டு மூடி விட்டேன். 'மருந்துதான் தவறாமல் போடுகிறோமே, கணக்கு எதற்கு? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

இந்தச் சமாதானம் எனக்குப் புதிதல்ல. அம்மா சொல்வது அதுதான். தம்பி வாங்கிக் கொடுத்த சோதனைக் கருவி அவளுடைய பீரோவில் ஆறு மாதமாகப் பிரிக்கப்படாமல் கிடந்தது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? எதற்கு விரலைக் குத்திக் கொள்ள வேண்டும்?" என்பாள். பத்திரிகைக்காரியான நான் இதைப் பற்றி அவளுக்குப் பிரசங்கம் செய்யாத நாள் கிடையாது!

ஒரு சனிக்கிழமை. கணவர் வெளியூர் போயிருந்ததால், ஜமீன்தாரையும் தூக்கிக் கொண்டு திண்டிவனத்துக்குப் போனேன். இன்சுலினை ஐஸ் குடுவையில் பத்திரமாக எடுத்துக் கொண்டவள், ஊசிக் குழாய்களை விழுப்புரத்திலேயே மறந்து விட்டேன். அதனால் என்ன? அம்மாவும் இன்சுலின் போட்டுக் கொள்கிறவள்தானே? அவளுடைய புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து, 2 என்ற கோடு வரைக்கும் இழுத்து, ஆறரை மணிக்குப் போட்டேன். புது இடம் போலிருந்ததாலோ என்னவோ, அன்று ஜமீன்தார் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டாள்: "இங்கே வந்து பாரேன், இவன் கால் பின்னுகிறது."

ஜமீன்தார் குடித்தவனைப் போல் தள்ளாடி இரண்டடி வைத்தார், சுவரில் சாய்ந்தார், அப்படியே சரிந்தார். கண்கள் திறந்திருந்தன, எங்களைப் பார்க்கவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டரம்மாவுக்கு டெலிபோன் செய்தேன்.

"ஊசிக் குழாயின் மூடி என்ன நிறம்?" என்றார்.

"சிவப்பு."

ஒரு வினாடி மௌனம். "தேன் இருக்கிறதா? விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி விடும். பிறகு ரத்தம் பாருங்கள். உடனே புறப்பட்டு வாருங்கள்."

அம்மா தேன் தடவினாள். நான் பீரோவிலிருந்து அந்தக் கருவியைப் பிரித்தேன். துவண்டு கிடந்த காதில் குத்தினேன். அன்று ஓடுவதற்கு அவருக்குச் சக்தி ஏது? சொட்டு ரத்தம் வந்தது. கருவி காட்டியது 39.

வாடகைக் காரில் ஏறினோம். அம்மா மடியில் ஜமீன்தார். அவள் கையில் தேன் பாட்டில். என் கையில் கருவி. கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். 62! ஜமீன்தார் தலையைத் தூக்கி, "மியாவ்" என்று கூடச் சொன்னார். அம்மாவுக்கு உயிர் வந்தது. "பிழைத்து விட்டான்! பார், நன்றாகத்தானே இருக்கிறான்? இனிமேல் அவனைக் குத்தாதே" என்றாள்.

விக்கிரவாண்டி சுங்கச் சாவடியில் வண்டி நின்றபோது, மனம் கேட்காமல் இன்னொரு முறை குத்தினேன். 44! தேன் தீர்ந்து கொண்டிருந்தது, மருந்து தீரவில்லை. பார்வைக்குப் பூனை நன்றாகத்தான் இருந்தது. அம்மா அந்த எண்ணையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுபடி தேன் பாட்டிலைத் திறந்தாள்.

விழுப்புரத்தில் டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்துக் கொண்டு காத்திருந்தார். குளுகோஸ் ஏற்றினார். விடிகிற வரையில் மணிக்கொரு தரம் ரத்தம் பார்த்தோம். காலை ஆறு மணிக்கு ஜமீன்தார் எழுந்து, 'சாப்பாடு எங்கே?' என்ற தோரணையில் எங்களை முறைத்தார்.

நான் செய்த பிழை இதுதான். இன்சுலின் பெரும்பாலும் இரண்டு திட்டங்களில் விற்கிறது. ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. முன்னதற்குச் சிவப்பு மூடிக் குழாய். பின்னதற்கு ஆரஞ்சு மூடிக் குழாய். அம்மாவின் மருந்து 40. ஜமீன்தாரின் மருந்து 100. சிவப்பு மூடிக் குழாயில் 2 கோடு இழுத்தபோது, நான் போட்டது 2 யூனிட் அல்ல; 5 யூனிட்! வீட்டில் இன்சுலின் போட்டுக் கொள்கிற மனிதர்கள் இருந்தால், புட்டியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் இன்றைக்கே எடுத்துப் பார்த்து விடுங்கள். பூனை இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும்.

அடுத்த வாரமே ரத்தம் பார்க்க ஒழுங்காகக் கற்றுக் கொண்டேன். ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிடி அரிசியைச் சூடாக்கி, சிறு துணியில் முடிந்து, நம் கன்னத்தில் வைத்து இளஞ்சூடுதானா என்று பார்த்துவிட்டு, காது ஓரத்தில் ஒரு நிமிஷம் ஒற்ற வேண்டும். காது வெதுவெதுப்பானால் ரத்தம் தானாக வரும். காதின் விளிம்பை ஒட்டி மெல்லிய நரம்பு ஓடுகிறதல்லவா? அதற்கும் விளிம்புக்கும் இடையிலே குத்த வேண்டும். காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக் கொண்டால் நம் விரல் தப்பும். ரத்தம் கடுகளவு திரண்டதும் பட்டையின் நுனியைக் கொண்டு போனால் அதுவே உறிஞ்சிக் கொள்ளும். பிறகு பஞ்சால் அழுத்தி, ஒரு துண்டு மீன் கொடுத்து விட வேண்டும். முதல் மூன்று நாள் குத்தாமலே காதைத் தடவி மீன் கொடுத்தேன். நாலாம் நாள் அரிசி முடிச்சைப் பார்த்ததும் ஜமீன்தாரே வந்து உட்கார்ந்தார்!

மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டுவது வழக்கமாம். அதனால் எந்தக் கருவி என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, எப்போதும் அதே கருவியில் பார்க்க வேண்டும். எண் குறைவாக இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே டெலிபோன் செய்ய வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. நம்முடையது நோட்டில் எழுதுவது. ஒரே நாளில் வீட்டில் 190 காட்டிய ஜமீன்தார், ஒரு மணி நேரம் கழித்து அல்சேஷன் முன்னிலையில் 310 காட்டினார். நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் எந்த எண்ணை நம்புவது? அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டரம்மா மருந்தை ஒரு யூனிட்டாகக் குறைத்திருக்கிறார். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத காலம் கூட வருமாம். எங்களுக்கு இன்னும் வரவில்லை, வந்தால் வரட்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அந்த ராத்திரிக்கு மறுநாள் காலை, காபி கூடக் குடிக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சுண்டு விரலை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு குத்துக் குத்தடி" என்றாள். "பார்வைக்கு நன்றாக இருக்கிறதை நம்பக் கூடாது என்று விக்கிரவாண்டியில் தெரிந்து கொண்டேன்."

268! அன்றைக்கே அவளுடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு நோட்டுகள். ஒன்றின் அட்டையில் "ஜமீன்தார்" என்று நான் எழுதினேன். மற்றதில் "ஜமீன்தாரிணி" என்று எழுதியவர் என் கணவர். மாமியாரிடம் அவருக்கு அவ்வளவு தைரியம்! நேற்றுக் காலைக் கணக்கு: ஜமீன்தார் 148, ஜமீன்தாரிணி 132.

"பூனையை ஜெயித்து விட்டேனடி!" என்று டெலிபோனில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.