மீன் கடையில் ஒரு கணக்குப் புலி!

தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் இறங்கினால்... ஒகேனக்கல்! கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' நமக்கே தெரியும். பாறையே புகைகிற மாதிரிதான் இருக்கு அருவி! எண்ணெய் மசாஜ், பரிசல், மீன் வறுவல்னு எல்லாரும் சொல்ற லிஸ்ட்டை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற.

ஞாயிற்றுக்கிழமை. மீன் சமைத்துத் தரும் அக்கா ஒருத்தருக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தான் அவர் பையன். எட்டாம் கிளாஸ். ஒண்ணே முக்கால் கிலோ மீனுக்குக் கூலி, எண்ணெய், மசாலான்னு டக்கென்று மனக்கணக்காகவே சொன்னான்.

''கணக்குல புலியாடா நீ?''

''அட போங்கண்ணா... கணக்கு பீரியட்ல நான் வெளியதான் நிப்பேன். பெஞ்சைத் தட்டினாப் போதும், சார் அனுப்பிருவாரு!''

கூட வந்த சித்தி, அரசுப் பள்ளி டீச்சர். பரிசலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். ''போர்டுல தப்பாப் போட்டா மானம் போயிடும்னு தப்பிக்கிறான்டா. வெளிய அனுப்புறது அவனுக்குத் தண்டனையில்ல, பரிசு!''

பயிற்சியில் சித்தி கற்ற வித்தை ரொம்ப சிம்பிள். சேட்டைக்கு முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது... மூன்றையும் தினமும் நோட்டில் குறிக்கணும். கொஞ்ச நாளில் காரணம் தலைகாட்டும். அப்புறம் போர்டுக்குப் பதில் நோட்டிலேயே ரெண்டு கணக்கு, 'புரியல'ன்னு சொல்ல ஒரு சைகை... இப்படி மாற்று வழி தரலாம். நம்ம லேப்ல ஃபால்ட் கண்டுபிடிக்கிற அதே வேலை! (மெஷின் அழாது, அதான் வித்தியாசம்.)

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-வது விதியை 2003-ல் திருத்தி, பிரம்படிக்குத் தடை போட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, மனரீதியான துன்புறுத்தலையும் தடுத்தது. சரி, பிரம்பைப் பிடுங்கிய கையில் வேறென்ன கொடுத்தோம்? சித்திக்குக் கோபமே அங்கேதான். ''ஒரு நாள் ஹால்ல உட்கார வெச்சு லெக்சர் குடுத்தாப் பத்தாதுடா. கிளாசுக்கே வந்து பார்த்து, அடுத்த வாரமும் 'என்னாச்சு'ன்னு கேட்க ஆள் வேணும்.'' நியாயம்தானே? நீச்சலை பிளாக்போர்டில் கத்துக்க முடியுமா!

கரையேறியதும் சித்தி நேரே மீன் கடைக்குப் போனார். அவன் சொன்ன அதே கூலிக் கணக்கை, 'எக்ஸ்' போட்டு ஒரு தாளில் எழுதி நீட்டினார். பென்சிலைக் கடித்தபடி ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருந்தான் பயல். ''டேய், மீன் கருகுதுடா!'' என்று அம்மா கத்தியதும்தான் நிமிர்ந்தான்.